'கறுப்பாயிருந்தாலும்': பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இறையியல் கல்லூரிப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வரும் கல்வியாண்டிலிருந்து பெண்ணிய இறையியல், கறுப்பர் இறையியல் ஆகிய இரண்டு கட்டாயப் பாடங்களும் நீக்கப்படுகின்றன, அவற்றுக்குப் பதிலாக 'தற்கால இறையியல் போக்குகள்' என்று ஒரே ஒரு விருப்பப் பாடம் வைக்கப்படும் என்ற உங்கள் சுற்றறிக்கையை நாலைந்து முறை படித்தேன். விருப்பப் பாடம் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினைந்து பேர் இருக்கும் வகுப்பில் மூன்று பேர் எடுப்பார்கள். அந்த மூன்று பேரும் பெண்களாக இருப்பார்கள். ஐந்து பேராவது சேராவிட்டால் பாடம் நடத்தப்படாது என்று விதி இருக்கிறது. அடுத்த ஆண்டு 'மாணவர்களுக்கு ஆர்வமில்லை' என்று எழுதி அதையும் எடுத்துவிடலாம். யாரும் எதையும் நீக்கியதாகவே தெரியாது.

நான் உங்களிடம் படித்தவள். அந்த வகுப்பறைகளில் நான்கு ஆண்டு உட்கார்ந்து பட்டம் வாங்கி, இப்போது பதினோராவது ஆண்டாகச் சபை ஊழியத்தில் இருக்கிறேன். பிரசங்கம் செய்வதைவிட, மக்கள் வீட்டில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்பதில்தான் என் நேரம் அதிகம் போகிறது. இதைத் தனிக் கடிதமாகத்தான் முதலில் அனுப்பினேன். மூன்று மாதமாகப் பதில் இல்லை.

சுற்றறிக்கை மூன்று காரணங்களைச் சொல்கிறது. மாணவர்களுக்கு வேதாகமத்தின் மூலமொழிகளான எபிரேயமும் கிரேக்கமும் போதவில்லை, அதற்கு நேரம் வேண்டும். இந்தப் பாடங்கள் 'குறிப்பிட்ட சூழலில் பிறந்தவை', அடிப்படை இறையியல் அல்ல. இவற்றைப் படித்துவிட்டுப் போகிறவர்களால் சபைகளில் சலசலப்பு வருகிறது. முதல் காரணத்தை மனதார ஒப்புக்கொள்கிறேன். என் எபிரேயமே நொண்டி எபிரேயம்தான், அகராதி இல்லாமல் அரை வசனம் நகராது. மற்ற இரண்டை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சொல்லப்போனால், உங்கள் முதல் காரணமே மற்ற இரண்டுக்கும் எதிராக நிற்கிறது. அது எப்படி என்று சொல்கிறேன்.

படிக்கச் சேருவதற்கு முன் நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். எழுத்தே இல்லாத அந்த வண்ணப் புத்தகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கறுப்புப் பக்கம் பாவம், சிவப்பு இயேசுவின் இரத்தம், வெள்ளை கழுவப்பட்ட இருதயம், பொன்னிறம் பரலோகம். ஒரு நாள் பிள்ளைகளுக்கு நான்கு இருதயம் வரைந்த தாளைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் குழந்தை, ஏழு வயது இருக்கும், கோட்டைத் தாண்டாமல் கறுப்பு கிரேயானால் அழுத்தி அழுத்தித் தீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பையன் அவள் கையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, இவ கலரு!" என்றான். வகுப்பே சிரித்தது. நான் "சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அடுத்தது சிவப்பு. அவள் சிவப்பு கிரேயானை எடுக்கவில்லை. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வேதத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறேன் என்று அன்றைக்கு நினைத்தேன். உங்கள் கல்லூரியில் கறுப்பர் இறையியல் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கறுப்புப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தோன்றியது. அது வேதாகமத்திலிருந்து வரவில்லை. 1866இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற ஆங்கிலேயப் போதகர் செய்த ஒரு பிரசங்கத்திலிருந்து வந்தது. கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்றே பக்கம். பொன்னிறப் பக்கத்தை 1875இல் அமெரிக்கப் பிரசங்கியார் டி. எல். மூடி சேர்த்தார். சரி, ஏசாயா என்ன சொல்கிறார்? "உங்கள் பாவங்கள் சிவேரென்றிருந்தாலும் உறைந்த மழையைப்போல் வெண்மையாகும்." பாவத்தின் நிறம் அங்கே சிவப்பு! நாம் இரத்தத்துக்குக் கொடுத்த நிறம் தீர்க்கதரிசி பாவத்துக்குக் கொடுத்த நிறம். கறுப்பு அந்த வசனத்தில் எங்குமே இல்லை. ஸ்பர்ஜன் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று சொல்லவில்லை. அவர் காலத்து லண்டன்காரருக்கு அது உறுத்தவில்லை, அவ்வளவுதான். உறுத்தாத இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, மேசைக்கு அடியில் கையை ஒளித்துக்கொண்ட பிள்ளைக்குத் தெரியும். இப்போதெல்லாம் நான் கசக்கிய தாளையும் நீவிய தாளையும் வைத்துப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்குப் புரிகிறது.

இதே போல இன்னொன்று. என் நிறத்தைச் சொல்லித்தான் இதை எழுத முடியும். நான் நல்ல கறுப்பு. வாலிபர் கூட்டங்களில் உன்னதப்பாட்டு 1:5ஐ எனக்கு 'ஆறுதலாக' எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. "நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்." அந்த 'இருந்தாலும்' எனக்கு மனப்பாடம். எபிரேயத்தில் அங்கே இருப்பது ஒரே ஒரு எழுத்து, வாவ். அதை 'உம்' என்றும் எடுக்கலாம், 'ஆனாலும்' என்றும் எடுக்கலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'உம்' என்று எடுத்தது: கறுப்பும் அழகுமாயிருக்கிறேன். லத்தீன் 'ஆனால்' என்று எடுத்தது. நம்முடைய தமிழ் வேதாகமம் லத்தீனின் பக்கம் நிற்கிறது. அடுத்த வசனத்தைப் பார்த்தால் 'ஆனாலும்' என்பதற்கும் நியாயம் உண்டு என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாதிடட்டும். அந்த அடுத்த வசனத்தில்தான் அவள் ஏன் கறுத்தாள் என்பதும் இருக்கிறது: வெயில் பட்டது, அண்ணன்மார் கோபித்துக்கொண்டு அவளைத் திராட்சத்தோட்டத்துக்குக் காவல் வைத்தார்கள். வெயிலில் வேலை செய்த பெண் அவள். இந்த வாதம் நடக்க வேண்டிய இடம் வகுப்பறைதான். நான் இருந்த எபிரேய வகுப்பில் அது நடக்கவில்லை. வாவ் என்ற எழுத்தின் பயன்பாடுகள் பற்றி இரண்டு மணி நேரம் பாடம் நடந்தது, இந்த வசனம் வரவே இல்லை.

மூன்றாவது உதாரணத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் இரண்டு பாடங்களை ஒன்றாகச் சுருக்குவது ஏன் தவறு என்பது இதில்தான் இருக்கிறது.

எண்ணாகமம் 12ஆம் அதிகாரம். மோசே எத்தியோப்பியப் பெண் ஒருத்தியை மணந்திருக்கிறார். அவளை முன்னிட்டு மோசேயின் அக்கா மிரியாமும் அண்ணன் ஆரோனும் அவருக்கு விரோதமாகப் பேசுகிறார்கள். கர்த்தர் கோபப்படுகிறார். மேகம் விலகுகிறது, மிரியாம் "உறைந்த மழையின் வெண்மைபோன்ற" தோல் வியாதியோடு நிற்கிறாள். (குஷ்டரோகி என்ற சொல்லை நாம் இன்னும் விடாமல் வாசித்துக்கொண்டிருப்பது வேறு ஒரு மடலுக்கான விஷயம்.) கறுத்த தம்பி மனைவியைப் பற்றிப் பேசியவளுக்கு வெள்ளைத்தோல் தண்டனை. நிறவெறியைப் பற்றி வேதாகமத்தில் இதைவிடக் கூர்மையான காட்சி இருக்கிறதா என்று தெரியவில்லை. கறுப்பர் இறையியல் வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மறைக்காமல் சொல்கிறேன்.

அடுத்த பருவத்தில் பெண்ணிய இறையியல் வகுப்பு. அதே அதிகாரம். அங்கே ஆசிரியை கேட்ட முதல் கேள்வி: "பேசியது இரண்டு பேர். ஆரோன் தோலுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?" யாரிடமும் பதில் இல்லை. எபிரேய மூலத்தைத் திறக்கச் சொன்னார். 'பேசினார்கள்' என்று நாம் படிக்கும் வினைச்சொல் அங்கே பெண்பால் ஒருமையில் இருக்கிறது. அதனால் பேச்சைத் தொடங்கியது மிரியாம்தான் என்று சிலர் சொல்கிறார்கள். வினை முன்னால் வந்தால் பக்கத்தில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போவது எபிரேய வழக்கம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எப்படி எடுத்தாலும் ஆரோன் பேசினான், தப்பித்தான். அப்புறம் ஆசிரியை இன்னொன்று கேட்டார்: "அந்த எத்தியோப்பியப் பெண் இந்த அதிகாரத்தில் என்ன பேசுகிறாள்?" ஒன்றுமில்லை. அவளுக்குப் பெயர்கூட இல்லை.

ஒரு பாடத்தை மட்டும் படித்திருந்தால் மிரியாமுக்கு நேர்ந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டே இருந்திருப்பேன். மற்றதை மட்டும் படித்திருந்தால் மிரியாமுக்காக அழுதுவிட்டு எத்தியோப்பியப் பெண்ணை மறந்திருப்பேன். ஒரே பருவத்தில் இரண்டையும் ஆறு வாரம் ஆறு வாரமாக அள்ளிப்போட்டால் இந்த இரண்டாவது கேள்வி வரைக்கும் யாரும் போக முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களுக்கு எபிரேயம் வேண்டும் என்றீர்களே, என் நான்கு ஆண்டில் எபிரேய மூலத்தை ஆசையோடு திறந்த வகுப்பு அதுதான்.

இனி 'குறிப்பிட்ட சூழலில் பிறந்தவை' என்ற உங்கள் வார்த்தைக்கு வருகிறேன்.

லூத்தரின் கேள்வி 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் துறவி ஒருவரின் கேள்வி. சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் ரோமர் நிருபத்துக்கு விளக்கம் எழுதியது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது. இவர்கள் எழுதியதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வெறும் 'இறையியல்'. மற்றவர்கள் எழுதினால் மட்டும் முன்னால் ஒரு அடைமொழி சேர்ந்துவிடுகிறது. என் இரண்டாம் ஆண்டில் பிரசங்கப் பயிற்சிக்கு ஆதியாகமம் 21ஐ எடுத்து ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண் ஆகாரைப் பற்றிப் பேசினேன். மதிப்பீட்டுத் தாளில் மூன்று வரி: 'குரல் கூர்மையாக உள்ளது. மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஏற்ற செய்தி. பொது ஆராதனைக்குப் பொருத்தமான பகுதியைத் தேர்ந்தெடுக்கவும்.' அதே வாரம் என் வகுப்புத் தோழர் ஒருவர் அடுத்த அதிகாரத்தை எடுத்து ஆபிரகாமின் விசுவாசத்தைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். 'ஆழமான இறையியல் செய்தி' என்று அவருக்கு வந்தது. ஒரே குடும்பம், அடுத்தடுத்த அதிகாரம். ஆபிரகாமைப் பற்றிச் சொன்னால் எல்லாருக்கும், ஆகாரைப் பற்றிச் சொன்னால் பெண்களுக்கு. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடைமொழி இல்லாத அந்த இறையியல் என்னவெல்லாம் செய்தது என்பதையும் நம் மாணவர்கள் படிக்கத்தான் வேண்டும். ஆதியாகமம் 9இல் நோவா சபித்தது தன் மகன் காமின் பிள்ளையான கானானை. ஆனால் காமின் சந்ததி என்று சொல்லி ஆப்பிரிக்கர்களை அடிமையாக்குவதற்கு அந்த வசனத்தைப் பல நூற்றாண்டு பிரசங்கித்தார்கள். 1807இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கும் புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய பாதியும் அதில் இல்லை. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட கதை இல்லை. "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்ற கலாத்தியர் வசனம் இல்லை. "வேலைக்காரரே, உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" மட்டும் பத்திரமாக இருந்தது. உங்களை அவர்களோடு சேர்த்துப் பேசவில்லை. எதை எல்லாரும் கட்டாயம் வாசிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவுசெய்கிறவர்கள் கையில் எவ்வளவு பெரிய காரியம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பின இறையியலாளர் தன் பாட்டியைப் பற்றி 1949இல் எழுதியது எனக்கு மறக்கவே மறக்காது. பாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுதப்படிக்கத் தெரியாதவர். பேரன்தான் வேதம் வாசித்துக் காட்ட வேண்டும். சங்கீதம், ஏசாயா, சுவிசேஷங்கள் எல்லாம் கேட்பார். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். எப்போதாவது 1 கொரிந்தியர் 13க்கு அனுமதி உண்டு. பேரன் வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகு துணிந்து காரணம் கேட்டார். அடிமையாக இருந்த நாட்களில் எஜமானின் போதகர் வந்து பிரசங்கம் செய்யும்போதெல்லாம் பவுலைத்தான் எடுப்பாராம், அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்பாராம். விடுதலை கிடைத்து, படிக்கவும் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியை வாசிக்கவே மாட்டேன் என்று தன் கடவுளிடம் வாக்குக் கொடுத்தாராம் பாட்டி. வேத விளக்க முறைகள் பற்றி நீங்கள் வைத்திருக்கும் மூன்று பாடங்களில் எதிலும் இந்தப் பாட்டி வரவில்லை. ஒரு வசனம் கேட்பவரின் காதில் என்னவாக விழுகிறது என்பதை இவரைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்?

'கறுப்பர் இறையியல் இருந்தால் போதாதா, பெண்ணியம் எதற்கு' என்று கேட்பவர்களும் உங்களில் இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்ஃபியாவில் வெள்ளையர் சபை ஒன்றில் முழங்காலில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தாரைப் பாதி ஜெபத்தில் பிடித்து எழுப்பினார்கள். அங்கிருந்து வெளியேறிய ரிச்சர்ட் ஆலன்தான் பின்னால் கறுப்பினத்தாருக்கென்று தனித் திருச்சபையை உருவாக்கினார். அவ்வளவு பட்டவர் அவர். அவரிடம் ஜரீனா லீ என்ற கறுப்பினப் பெண், தேவன் தன்னைப் பிரசங்கிக்க அழைத்ததாகச் சொன்னபோது, பெண் பிரசங்கிகளுக்கு நம் ஒழுங்குமுறையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து, 1819இல், ஆலனின் சபையில் ஒருவர் யோனாவைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருக்கும்போது தடுமாறி நின்றார். ஜரீனா லீ இருந்த இடத்திலேயே எழுந்து அந்தப் பிரசங்கத்தைத் தொடர்ந்தார். தன்னைத் துரத்திவிடுவார்கள் என்று நினைத்தார். ஆலன் எழுந்து, இவர் அழைக்கப்பட்டவர்தான் என்று எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொள்வது தலைவர்களுக்கு இழிவில்லை. கறுப்பர் இறையியலை 1969இல் தன் முதல் நூலால் தொடங்கிவைத்த ஜேம்ஸ் கோன், பெண்களைக் கவனிக்காமல் விட்டது தன் தவறு என்று பிற்காலப் பதிப்பின் முன்னுரையில் எழுதினார். வெள்ளைப் பெண்ணியம் கறுப்பினப் பெண்களுக்காகவும் சேர்த்துப் பேசிவிடுவதாக நினைக்கிறது என்று கறுப்பின இறையியலாளர் ஜாக்குலின் கிராண்ட் 1989இல் கேள்வி எழுப்பினார். 1980களில் அரவிந்த் நிர்மலும் மற்றவர்களும் வளர்த்த தலித் இறையியலிலும் தலித் பெண்கள் எழுந்து 'நாங்கள் எங்கே' என்று கேட்டார்கள். சாதியைப் பற்றிச் சபைக்குள் பேசாமல் நிறத்தைப் பற்றி மட்டும் நாம் பேசிக்கொண்டிருக்க முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது ஆகார். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பாடகர் குழுப் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு அக்கா மட்டும் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே நின்றார். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கணவர் அடிப்பது பல ஆண்டாக நடக்கிறது. எனக்கு முன் மூன்று போதகர்களிடம் சொல்லியிருக்கிறார். ஒருவர் ஜெபித்தார். ஒருவர் கணவரைக் கூப்பிட்டுப் பேசினார், அன்றைக்கு இரவு அடி இரண்டு மடங்கானது. ஒருவர், மனைவிகள் கணவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற 1 பேதுரு 3ஐ ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதை அக்கா பணப்பையில் வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். அப்புறம் கேட்டார்: "ஆகாரையே கர்த்தர் திரும்பிப் போகத்தானே சொன்னார்? 'உன் நாச்சியாரண்டைக்குத் திரும்பிப்போய், அவள் கையின்கீழ் அடங்கியிரு'ன்னு இருக்கே. நான் மட்டும் எப்படி வெளிய வர முடியும்?"

போதகப் பராமரிப்பு வகுப்பில் எனக்கு இதற்குப் பதில் கற்றுத்தரவில்லை. குடும்பம் சேர்ந்திருக்க வேண்டும் என்று கற்றுத்தந்தார்கள். விடுதலை இறையியலில் படித்ததைச் சொல்லலாம் என்றால், கடவுள் எப்போதும் ஒடுக்கப்பட்டவரை விடுவிக்கிறார் என்று அது சொல்கிறது. அக்கா காட்டிய வசனத்தில் அவர் விடுவிக்கவில்லையே! எனக்குக் கைகொடுத்தது டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் எழுதிய நூல். கறுப்பினப் பெண்களின் கண்ணால் ஆகாரைப் படித்தவர் அவர். அந்தக் கடினமான வசனத்தை அவர் மழுப்பவில்லை. ஆம், கடவுள் ஆகாரை விடுவிக்கவில்லை, பிழைத்திருக்க வழி செய்தார் என்கிறார். கர்ப்பிணி, தனி ஆள், வனாந்தரம். அந்த நேரத்தில் உயிரோடிருக்க ஒரே வழி அந்தக் கூடாரம். ஆகாரின் நாச்சியாரான சாராயின் கொடுமை சரி என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு பெண்ணை ஒடுக்கியது இன்னொரு பெண் என்பதையும் வில்லியம்ஸ் விடவில்லை.

அக்காவும் நானும் சேர்ந்து 16ஆம் அதிகாரத்தையும் 21ஆம் அதிகாரத்தையும் வாசித்தோம். ஆகார் இரண்டு முறை வெளியே போகிறாள். முதல் முறை தேவனுக்கே பெயர் வைக்கிறாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." இரண்டாவது முறை யாரும் அவளைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. அவள் கண் திறக்கிறது, தண்ணீர்த் துரவு தெரிகிறது. அன்றைக்கு அக்கா வீட்டுக்குத்தான் திரும்பிப் போனார். போகும் முன் இரண்டு தொலைபேசி எண்களை எழுதிக் கொடுத்தேன், சான்றிதழ்களின் நகலை என்னிடம் வைத்துக்கொள்ளச் சொன்னார். எட்டு மாதம் கழித்து நகலைக் கேட்டு வந்தார். அதற்கு மேல் எழுதமாட்டேன்.

ஆகவே சலசலப்பு. வரும், வந்தது. ஆகாரைப் பற்றிப் பிரசங்கித்த ஞாயிறு மாலையே மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "ஆலயத்தில் அரசியல் வேண்டாம்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், நானும் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பினேன். அதற்கு முன்பு சபை அமைதியாக இருந்தது என்று அவர் நினைத்தார். அந்த அமைதியில்தான் ஒருவர் பல ஆண்டாக அடி வாங்கிக்கொண்டிருந்தார். "சமாதானமில்லாதிருந்தும், சமாதானம் சமாதானம் என்று சொல்லி" காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்று எரேமியா சொல்வது போதகர்களையும் சேர்த்துத்தான்.

பாடங்கள் நடந்த விதத்தில் குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. நல்ல ஆசிரியை கிடைத்தது என் அதிர்ஷ்டம். எனக்கு அடுத்த வகுப்புக்கு மங்கலான நகல் தாள்களும் வருகைப் பேராசிரியர் ஒருவரின் நான்கு விரிவுரைகளும்தான் கிடைத்தன. தேர்வில் 'பெண்ணிய இறையியலின் ஐந்து பண்புகளை விளக்குக' என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் ஆர்வம் வரும்? பாடம் சரியாக நடக்கவில்லை என்றால் அதைச் சரியாக நடத்துவதுதான் முறை. எபிரேயம் சரியாக நடக்கவில்லை என்றதும் நேரத்தைக் கூட்டினீர்கள். இவை சரியாக நடக்கவில்லை என்றதும் எடுத்துவிட்டீர்கள்.

என் கோரிக்கைகள் இவை.

இரண்டு பாடங்களும் தனித்தனியாக, கட்டாயப் பாடங்களாக, வரும் பருவத்திலேயே திரும்ப வேண்டும். மொழிகளுக்கு நேரம் வேண்டுமென்றால் இந்த வகுப்புகளிலேயே மூலமொழி வாசிப்பை மதிப்பெண்ணோடு சேருங்கள். எண்ணாகமம் 12, உன்னதப்பாட்டு 1, ரோமர் 16 ஆகிய மூன்று பகுதிகளே ஒரு பருவத்துக்குப் போதும். ரோமர் 16இல் வரும் யூனியாவைப் பெண் என்றும் அப்போஸ்தலர் என்றும் 4ஆம் நூற்றாண்டிலேயே ஆதித் திருச்சபைத் தந்தை கிறிசோஸ்தம் புகழ்ந்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அவரை ஏன் ஆணாக்கினார்கள் என்பதைக் கிரேக்கத்தை வைத்துத்தான் விளக்க முடியும்.

கிறிஸ்தியல், வேத விளக்கவியல் போன்ற 'பொது'ப் பாடங்களின் வாசிப்புப் பட்டியலில் பெண்களும் கறுப்பினத்தாரும் தலித்துகளும் எழுதியவை இடம்பெற வேண்டும். இப்போதைய பட்டியலை எண்ணிப் பார்த்தேன். கிறிஸ்தியலில் இருபத்திரண்டு நூல்கள், ஒன்றுகூட இவர்களில் யாரும் எழுதியதில்லை.

போதகப் பராமரிப்புப் பாடத்தில் குடும்ப வன்முறைக்கென்று ஒரு அலகு வேண்டும். அடிபட்டு வருகிறவரிடம் என்ன கேட்பது, என்ன சொல்லக்கூடாது, எப்போது சட்டத்தின் உதவியை நாடுவது என்பதை அனுபவமுள்ளவர்களைக் கொண்டு கற்பியுங்கள். இதற்கு அடுத்த கல்வியாண்டுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஆண்டு முடித்துப் போகிறவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சியாவது கொடுத்து அனுப்புங்கள்.

ஒன்பது பேர் கொண்ட உங்கள் குழுவில் ஒரே ஒரு பெண் இருக்கிறார். அவர் இந்த முடிவுக்கு எதிராக வாக்களித்தாரா, வாக்கெடுப்பே நடந்ததா என்பது வெளியே யாருக்கும் தெரியாது. கூட்டக் குறிப்பை மாணவர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் வெளியிடுங்கள். குழுவில் இன்னும் இரண்டு பெண்களும், மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் இருவரும் வாக்குரிமையோடு இருக்க வேண்டும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர் பயிற்சியை நடத்துவதும் உங்கள் கல்லூரிதான். அங்கே இன்னும் அந்த நான்கு வண்ணப் புத்தகம்தான் கொடுக்கப்படுகிறது என்று போன மாதம் பயிற்சிக்குப் போய்வந்தவர் சொன்னார், கையில் இருந்ததையும் காட்டினார். மீதி இருக்கும் கட்டுகளை விநியோகிப்பதை நிறுத்துங்கள்.

இந்த மடலுக்கு முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். நேரில் பேசக் கூப்பிட்டால் வருகிறேன். அந்த மதிப்பீட்டுத் தாளையும் எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி ஒருத்தி